மாடத்தியின் இடது கால்

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஞானசுந்தரி அக்கா. ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறையில் வேலை பார்த்தவர். என் சின்னவன் முழங்கையில் கொதிக்கிற எண்ணெயைக் கொட்டிக்கொண்டான் என்று ஒரு மாசம் அவனைத் தினமும் அங்கே தூக்கிக்கொண்டு போனேன். அப்போது அவனுக்கு ஏழு வயசு. இப்போது அவன் பிள்ளைக்கே ஏழு வயசு. பழைய கட்டைப் பிரிக்கும்போது அவன் அழாமல் இருக்க அக்கா ஏதாவது கதை சொல்வார். இந்தக் கதையை மட்டும் அவனுக்குச் சொல்லவில்லை. அவன் என் மடியில் தூங்கின பிறகு எனக்குச் சொன்னார். இதில் வருகிற காலுக்குக் கட்டுப் போட்டதே அவர்தான்.

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம். ஓலைக்கூரை இரண்டு, ஓட்டுக்கூரை ஒன்று, பசுமாடு இரண்டு. அங்கே குருவாக இருந்தவர் தவமணி அம்மா. நாற்பத்தைந்து வயசு இருக்கும். அதற்கு முன்னால் கல்யாண வீடுகளுக்குச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. காவி கட்டமாட்டார், வெள்ளைச் சேலைதான். ஒரு கஷ்டம் என்று போய் உட்கார்ந்தால் நாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்பார். அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுப் போகவே ஜனங்கள் வந்தார்கள்.

சீடர்களில் வயசில் மூத்தவர் குற்றாலலிங்கம். அறுபத்திரண்டு. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைவிடப் பதினேழு வயசு பெரியவர். ஆனாலும் தினமும் காலையில் அம்மா காலைத் தொட்டுக் கும்பிடுவார். அம்மா அவரை "சார்" என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்களும் அப்படித்தான்.

பின்பக்கம், மாட்டுத்தொழுவத்துக்குப் போகிற வழியில், முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருந்தது. சருகு கொளுத்துகிற குழி. சாரல் காலத்தில் சாயங்காலம் நாலு பேர் அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காய்வார்கள், இரண்டு பாட்டுப் பாடுவார்கள். எழுந்து போகும்போது கடைசி ஆள் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவார். அவ்வளவுதான் அந்தக் குழி.

சார் வந்த பிறகு குழிக்கு மரியாதை வந்துவிட்டது. ஆற்றிலிருந்து லிங்கம் மாதிரி வழவழவென்று இருக்கிற கல்லாகப் பொறுக்கிவந்து சுற்றிப் பதித்தார். மஞ்சள் குங்குமம் வைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று கிழமை குறித்தார். ஆற்றுக்கல் உள்ளுக்குள் ஈரம் வைத்திருக்கும். ஒரு வாரம் அதில் ஒன்று சூட்டில் டப்பென்று வெடித்து, சில்லு ஒரு பெரியவர் மடியில் வந்து விழுந்தது. சிவன் கண்ணைத் திறந்துவிட்டார் என்றார் சார். எல்லாரும் எழுந்து கும்பிட்டார்கள். அந்தப் பெரியவரும் வேட்டியில் விழுந்த ஓட்டையோடு கும்பிட்டார்.

அதோடு தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தினார். இத்தனை நேரம் கும்பிட்ட அக்கினி பகவான் தலையில் தண்ணீரைக் கொட்டுவது, வீட்டுக்கு வந்த விருந்தாளியை ஈரச் சாக்கால் அடித்து விரட்டுகிற மாதிரி என்று சொன்னார். அதற்குப் பதிலாகக் கூடை கூடையாக ஆற்றுமணலைக் கொட்டித் தரைமட்டத்துக்கு மூடச் சொன்னார். சாமியைப் பள்ளிகொள்ள வைக்கிறோம் என்று அதற்குப் பெயர். மணல்மேல் ஒரு கோலமும் போட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது என்றார் ஞானசுந்தரி அக்கா.

இன்னொரு காரியமும் செய்தார். இது புனிதமான இடம் என்று முன்வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினார்: காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும். பின்வாசலில் அதையே இன்னும் பெரிய எழுத்தில் மாட்டினார்.

பின்வாசல் வழியாக வருவது மாடத்தி ஒருத்திதான். ஐம்பது வயசு. தினமும் விடிந்ததும் மாட்டுக்குப் புல்லுக்கட்டு கொண்டுவந்து போடுவாள். சர்க்கரை வியாதி உண்டு. டாக்டர் சொன்னார் என்று வயலுக்கு இறங்குகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் செருப்புப் போட்டே நடப்பாள். பலகை வந்த பிறகு பின்வாசலில் அதைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை காலை. ராத்திரி பெய்த சாரலில் கோலம் கரைந்து போயிருந்தது. காற்றடித்துச் சருகு விழுந்து, மணல் எது தரை எது என்று தெரியவில்லை. மாடத்தி தலையில் புல்லுக்கட்டோடு வந்தாள். இடது கால் மணலில் கணுக்கால் வரைக்கும் இறங்கியது. சர்க்கரைக் காலுக்குச் சூடு உடனே தெரியாது. ஈர மணல் என்று நினைத்து அந்தக் காலிலேயே பாரத்தை ஊன்றி மற்றக் காலை எடுத்து வைக்கப் பார்த்திருக்கிறாள். தோல் கருகுகிற வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள்.

அம்மா ஓடிவந்தார். அவளைத் தொழுவத்துக் குழாயடியில் உட்காரவைத்துக் காலைத் தண்ணீரில் பிடித்தார். அடுப்படியில் கை சுட்டவர்களுக்குத் தெரியும், தண்ணீரை நிறுத்தக்கூடாது. அவரும் நிறுத்தவில்லை. அதற்குள் சார் ஒரு தட்டில் குழியின் சாம்பலைச் சலித்து எடுத்துக்கொண்டு வந்தார். அக்கினி கொடுத்த புண்ணுக்கு அக்கினிதான் மருந்து என்று சொல்லிக்கொண்டே குனிந்தார்.

அம்மா தட்டைத் தட்டிவிட்டார். அது சுவரில் மோதி விழுந்தது.

"தொடாதீங்க."

உரக்கக்கூடச் சொல்லவில்லையாம். ஆனால் அங்கே நின்ற ஆறு பேரும் ஓரடி பின்னால் போனார்கள். அம்மாவிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

சார் முகம் சிவந்துபோனது. அவருக்கு யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. மாடத்தியைக் கேட்டார். சுற்றிக் கல் பதித்திருக்கிறோமே, வாரா வாரம் மூடுவது தெரியுமே, பார்த்து நடந்திருக்கக் கூடாதா என்றார்.

மாடத்தி நிமிர்ந்தாள். வலியைவிட அவளுக்கு ஆங்காரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

"செருப்பைக் கழட்டுன்னு எழுதிப் போட்டியளே சாமியார் சார், கழட்டினேன். உள்ள நெருப்பை மூடி வச்சிருக்கோம்னு எங்கயாச்சும் எழுதிப் போட்டியளா? தலையில கட்டு இருக்கு. என் கண்ணு என்ன உள்ளங்காலுலயா இருக்கு?"



ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஞானசுந்தரி அக்கா கட்டுப் போட்டார். விரல்கள் தப்புமா என்று ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஒன்றரை மாசத்துக்குக் காலில் சேறு படக்கூடாது என்றார். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மாடத்தி அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

திங்கட்கிழமை கார் பருவ நெல் நடவு ஆரம்பம். பேச்சித்தாயின் நடவுக் கூட்டத்தில் மாடத்தி பதினெட்டு வருஷமாக இருந்தாள். பன்னிரண்டு பெண்கள். முதல் நாள் வயலில் பன்னிரண்டு பேரும் இறங்க வேண்டும். இறங்காத ஆளின் இடத்துக்கு அன்றைக்கே வேறு ஆள் வந்துவிடும். வந்த ஆளை அடுத்த பூவுக்கும், அதாவது அடுத்த போகத்துக்கும், விலக்க முடியாது. காத்துக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேர். விரல் போனால்கூட நொண்டிக்கொண்டு நட்டுவிடலாம், இடம் போனால் என்ன செய்வது என்று ஞானசுந்தரி அக்காவிடம் கேட்டாள் மாடத்தி. அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் திரும்பிவந்ததும் அம்மா நேரே குழியடிக்குப் போனார். எல்லாரையும் வரச்சொன்னார்.

"சார், இது அணைஞ்சாச்சா?"

இத்தனை நேரமாகிவிட்டதே, அணைந்துதான் இருக்கும் என்றார் சார். வேறு யாரும் மிதித்துவிடக்கூடாது என்று காலையில் இன்னும் இரண்டு கூடை மணல் கொட்டச் சொல்லியிருந்தாராம்.

"அப்ப ஏறி நில்லுங்க."

சார் தன் காலைப் பார்த்தார். மணலைப் பார்த்தார்.

"பத்து எண்ணுங்க போதும். முப்பது வருசம் பிள்ளையளை எண்ண வச்சவரு நீங்க."

அவர் நகரவில்லை.  அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து மணலைத் தள்ளினார். அடியில் கங்கு அப்படியே செக்கச்சிவக்க இருந்தது. காற்றுப் பட்டதும் கண் விழித்த மாதிரிப் பளிச்சென்றது.

அபிஷேகத்துக்கென்று நிரப்பி வைத்திருந்த குடத்தைத் தூக்கினார். சார் கையை நீட்டித் தடுக்க வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா ஒரேயடியாகக் கொட்டவில்லை. கொட்டினால் சுடுசாம்பல் முகத்தில் அடிக்கும். எட்டி நின்று ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. நீளக் கம்பால் கிளறினார். மறுபடி ஊற்றினார். அடியைப் புரட்டினார், மறுபடியும் ஊற்றினார். நாலு குடம் ஆனது. சத்தம் அடங்கின பிறகு புறங்கையை மெல்லக் கிட்டே கொண்டுபோனார். சூடு அடிக்கவில்லை என்று தெரிந்த பிறகு சாம்பல்மேல் வைத்து, எடுக்காமல் வைத்திருந்தார்.

"கல்யாண வீட்டுல ஆயிரம் பேரு சாப்பிட்டு எந்திரிச்சுப் போவாங்க. மாப்பிள்ளை பொண்ணு போவாங்க. பள்ளம் வெட்டின கோட்டை அடுப்புல இப்படிக் கையை வச்சுப் பாக்காம சமையல்காரி போகமாட்டா. பந்தி நல்லாருந்துச்சான்னுகூடக் கேக்காமப் போயிருவா. இதைப் பாக்காமப் போகமாட்டா."

 

ஆற்றுக்கல்லை எல்லாம் பிடுங்கி வேலிப்பக்கம் எறிந்தார். பின்வாசல் பலகையைக் கழற்றி மாட்டுத்தொட்டிக்கு மூடியாகப் போட்டார். பிறகு உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் பாட்டு இல்லை. மறுநாளும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் சார் வழக்கம்போலக் காலைத் தொட்டுக் கும்பிடப் போனபோது அம்மா அங்கே இல்லை. விடியுமுன்னே போய் பேச்சித்தாயின் கூட்டத்தோடு வயலில் இறங்கிவிட்டார். மாடத்தி இடத்தில் நான் நிற்கிறேன், அவள் கால் ஆறினதும் அவளே வருவாள், வேறு ஆள் எடுக்காதே என்று ஞாயிற்றுக்கிழமையே பேச்சித்தாயிடம் போய்ச் சொல்லியிருந்தார். நட்டுப் பழக்கம் உண்டா என்று பேச்சித்தாய் கேட்டிருக்கிறாள். இல்லை என்றார் அம்மா. சாமியார்கள் மேல் பேச்சித்தாய்க்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. சரி, குனிந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாருக்கு அந்த வாரம் முழுக்க நெஞ்சு கொதித்தது. ஆறு பேருக்கு முன்னால் தட்டைத் தட்டிவிட்டதை அவரால் மறக்க முடியவில்லை. இரண்டு பக்கத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதினார். ஓரத்தில் கோடு போட்டு, ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதினார். எதையும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்று அதில் இருந்தது. அம்மா சேற்றுக்கையைத் துடைத்துவிட்டு அதை நின்றபடியே படித்தார். இதை மாடத்தியிடம் படித்துக் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். 

சார் மாடத்தி வீட்டுக்குப் போகவில்லை. ஆள் மூலமாக ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு மாம்பழமும் கொடுத்தனுப்பினார். அது திரும்பி வந்தது. பழம் தின்றால் சர்க்கரை ஏறும் என்று இத்தனை படித்த சாருக்குத் தெரியாதா, காலைச் சுட்டது போதாது என்று நினைத்தாரா என்று மாடத்தி கேட்டுவிட்டதாகக் கொண்டுபோனவன் சொன்னான்.

அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. பேசுவதில்லை, சிரிப்பதில்லை, மூஞ்சியைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றார்கள். வெள்ளிக்கிழமை வருகிறவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் சாரிடம்தான் விசாரித்தார்கள். அவர் என்ன சொல்வார்?

எட்டாம் நாள் மாடத்தியின் சுண்டுவிரலை எடுத்தார்கள். மற்ற நாலும் தப்பின. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அம்மா வயலிலிருந்து வந்து நின்றார், முடிந்ததும் அப்படியே வயலுக்குத் திரும்பினார். சேலையில் முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்திருந்தது என்று ஞானசுந்தரி அக்கா சொன்னார்.

அந்தச் சேதி சாருக்கு மறுநாள் காலையில் வந்தது. குடையை எடுத்துக்கொண்டு நேரே வயலுக்குப் போனார்.

பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். ஒரு வெள்ளைச் சேலை. அவர் வரப்பில் வந்து நின்றதும் பேச்சித்தாய் நிமிர்ந்தாள்.

"ஏ பிள்ளையளா, ஹெட்மாஸ்டர் வந்திருக்காக. எல்லாரும் எந்திரிச்சு வணக்கம் சொல்லுங்க."

சிரிப்பு வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் போனது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை, நிமிரவும் இல்லை. முதல் மூன்று நாள் அம்மா நட்ட வரிசையைத் தான் பிடுங்கி நேராக நட்டதாகவும், இப்போது பரவாயில்லை என்றும், சாருக்கும் ஆசையிருந்தால் குடையை மடக்கி வைத்துவிட்டு நாற்றுமுடியை எடுத்துப் போடலாம் என்றும் பேச்சித்தாய் சொன்னாள். சார் அவள் பக்கம் திரும்பவில்லை.

அவர் அம்மாவிடம் பேச ஆரம்பித்தார். முதலில் மெதுவாக. ஆறு வருஷமாக உங்கள் காலடியில் இருக்கிறேன் என்றார். கோபம் வந்தால் மூச்சைப் பார், அது வந்த வழியே போய்விடும் என்று எங்களுக்குச் சொன்னது நீங்கள்தானே என்றார். அதைக் கேட்டுத்தான் பெற்ற மகனோடு இருந்த பகையை விட்டேன், ஒரு நாளில் விட்டேன் என்றார். ஒன்பது நாளாகிறது, உங்கள் முகத்தில் இருப்பது போகவில்லையே, நான் தெரிந்தா செய்தேன், சாமி காரியம் என்றுதானே செய்தேன் என்றார். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. மற்றப் பெண்கள் நடுவதை நிறுத்திவிட்டார்கள்.

அம்மா நட்டுக்கொண்டே இருந்தார்.

சார் குடையை இறக்கினார். கண் கலங்கியிருந்தது. அதிலும் கோபம்தான் இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. ஞானம் அடைஞ்சவங்களுக்குக் கோபம் வரலாமா?"

அம்மா கையிலிருந்த நாற்றுமுடி தீருகிற வரைக்கும் நட்டார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் சேறு தெறித்திருந்தது. ஒன்பது நாளாக இருந்த கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அவர் பார்த்தது சாரை இல்லை.

"மொத மொத நீங்க மணலைக் கொட்டினீங்கள்லா, அந்த வெள்ளிக்கிழமை நான் சன்னல்கிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். சமையல்காரிக்குத் தெரியாதா, அடியில கங்கு கிடக்கும்னு? சுர்ருன்னு ஏறிச்சு. வெளிய வந்து உங்களை நாலு வார்த்தை கேக்கணும்னு வாசப்படி வரைக்கும் வந்திட்டேன்."

அம்மா கையில் ஒட்டியிருந்த சேற்றை வழித்து எறிந்தார்.

"எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தீங்க. நீங்க இப்பக் கேட்டதைத்தான் நானும் என்னைக் கேட்டேன். சிரிச்சுக்கிட்டு உள்ள போயிட்டேன்."

அம்மா குனிந்து அடுத்த முடியைப் பிரித்தார்.

சார் வரப்பிலேயே நின்றார். 

இதை எனக்குச் சொல்லி முடித்துவிட்டு ஞானசுந்தரி அக்கா ஒன்று கேட்டுக்கொண்டார். அதையே நானும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்குச் சாயங்காலம் உங்கள் தெருவில் யாராவது சருகு கொளுத்தினால், ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் வையுங்கள்.